அதிகத் திறன் கொண்ட டர்போ காருக்கு ஃப்யூவல் பம்ப் தேர்ந்தெடுக்கும் முறை

டர்போவோ சூப்பர்சார்ஜரோ பொருத்தித் திறன் கூட்டப்பட்ட காரில் பெட்ரோல் போதாமல் போகும்போது எஞ்சின் உடனே நின்றுவிடுவதில்லை. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையை எரித்துக்கொண்டு, முழு பூஸ்ட்டில் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தத்தில்), சில நொடிகள் தொடர்ந்து இழுக்கிறது. அந்தச் சில நொடிகளே பிஸ்டனின் விளிம்பு உருகவும் ரிங்குகளுக்கு இடைப்பட்ட பகுதி உடையவும் போதுமானவை. அப்படி உடைந்த எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும்போது பழி பெரும்பாலும் டியூனிங்கின் மீதோ டர்போவின் மீதோ விழுகிறது. டேங்குக்குள் கண்ணில் படாமல் கிடக்கும் பம்பைப் பற்றிப் பலரும் கேட்பதில்லை. பெரம்பூர், மாதவரம், திருவொற்றியூர் என வடசென்னை எங்கும் இத்தகைய கார்களை ஆசையோடு வளர்ப்பவர்களும், அவற்றில் கை வைக்கும் மெக்கானிக்குகளும், பம்பை ஊகத்தில் வாங்காமல் கணக்கிட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"அண்ணா, 255 போட்டா போதுமா, இல்ல 340 போட்டுடலாமா?" என்பதே பட்டறைகளில் பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. இந்தக் கேள்விக்கு அப்படியே விடை சொல்ல முடியாது, ஏனெனில் எந்தப் பம்புக்கும் ஒரே ஓர் எண் கிடையாது. பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 255, 340, 450 ஆகியவை, ஏறத்தாழ 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 13.5 வோல்ட் கொடுக்கப்பட்டபோது, மணிக்கு எத்தனை லிட்டர் பாய்ந்தது என்பதைக் காட்டும் எண்கள். சில மலிவான பம்புகளில் எந்த அழுத்தமும் இல்லாமல் திறந்த குழாயில் பாய்ந்த அளவையே அச்சிட்டுவிடுகிறார்கள். அழுத்தம் ஏற ஏறப் பாய்வு குறையும். வோல்ட் குறையக் குறைய மேலும் குறையும். எனவே பம்பை வாங்குவது என்பது அதன் பாய்வு வரைபடத்தை வாங்குவதாகும். வரைபடம் இல்லாத பம்பை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பூஸ்ட் காரில் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எவ்வளவு பெட்ரோல் தேவை

முதலில் எஞ்சின் கேட்கும் அளவைக் கணக்கிட வேண்டும். ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு, பூஸ்ட் இல்லாத பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் சுமார் 0.23 கிலோ பெட்ரோல் எரிக்கிறது என்றால், டர்போ எஞ்சின் 0.27 முதல் 0.30 கிலோ வரை எரிக்கிறது. இந்த மிகுதி வீணானது அன்று. சிலிண்டருக்குள் வெப்பத்தைத் தணிக்கவும் கலவை தானாக வெடிக்கும் 'நாக்' வராமல் தடுக்கவும் கலவையைச் சற்றுச் செறிவாக வைப்பதால் ஏற்படுவது. சூப்பர்சார்ஜர் தன்னைச் சுழற்றுவதற்கே எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கிலிருந்து திறனை எடுத்துக்கொள்வதால், அதற்கு இந்த வரம்பின் மேல் எல்லையையே எடுத்துக்கொள்வது நல்லது.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். கிராங்கில் 400 குதிரைத்திறன், பூஸ்ட் 1.5 பார், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் ரெயில் என்ற குழாயில் அடிப்படை அழுத்தம் 3 பார், டேங்கில் நம் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண ஈ20 பெட்ரோல். பாதுகாப்பாக 0.295 கிலோ என்று வைத்தால், மணிக்கு 118 கிலோ தேவைப்படுகிறது. இந்தியத் தரநிலைப்படி பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு 0.720 முதல் 0.775 கிலோ வரை இருக்கலாம், நடுவில் 0.745 என்று கொண்டால் 118 கிலோ என்பது சுமார் 158 லிட்டர். திறனை அளக்கும் டைனோவில் வரும் எண் சக்கரத்தில் அளந்த எண் என்பதையும், கியர்பாக்ஸ் முதலியவற்றில் ஏறத்தாழ 15 சதவீதம் இழந்த பிறகே அது வருகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சக்கரத்தில் 400 வேண்டும் என்பவர் கிராங்கில் 470-க்குக் கணக்குப் போட வேண்டும்.

இந்த 158 லிட்டரோடு கணக்கு முடிவதில்லை. வெளிநாட்டு அட்டவணைகளைப் பார்த்துப் பம்ப் வாங்குபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எத்தனாலில் லிட்டருக்கு சுமார் 21 மெகாஜூல் ஆற்றலும், பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றலும் உள்ளன; ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த ஈ20-இல் ஒவ்வொரு லிட்டரின் ஆற்றலும் ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. அதே திறனுக்கு அந்த அளவு அதிகமாக ஊற்ற வேண்டும் என்பதால் 158 லிட்டர் 169 ஆகிறது. மணலியில் 1969 முதல் இயங்கிவரும் சுத்திகரிப்பு ஆலை நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், எத்தனால் கலக்கப்படுவது ஆலையில் அன்று. விநியோக முனையங்களில் கலக்கப்பட்டு, டேங்கர் லாரியில் ஏறி, பங்க்குக்கு வருகிறது. ஆக்டேன் எண் கூடிய பெட்ரோல் ஊற்றினால் பம்பின் சுமை குறையும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆக்டேன் என்பது 'நாக்' வராமல் தாங்கும் திறனைக் குறிப்பது, தேவையான அளவை அது குறைப்பதில்லை. எத்தனால் அளவை மேலும் கூட்டி ஈ85 வரை செல்லும் எண்ணம் இருந்தால், பெட்ரோல் கணக்கை விட 30 முதல் 40 சதவீதம் கூடுதலாக வைத்து, தொடக்கத்திலேயே அதற்கேற்ற பம்பை வாங்கிவிடுவது இரண்டு முறை டேங்கை இறக்குவதை விட மேலானது.

169 லிட்டருக்கு மேல் 20 சதவீதம் கையிருப்பு வைத்தால் 203 லிட்டர். பம்ப் தேய்வதற்கும், வடிகட்டி அடைபடுவதற்கும், கோடையில் பெட்ரோல் சூடாவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கையிருப்பு. சரி, 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

எந்த அழுத்தத்தில் தேவை

பெட்டியில் உள்ள 255 இந்த 200-ஐ விடப் பெரியது என்பதால் 255 போதும் என்று முடிவு செய்துவிடுவது எளிது. ஆனால் பூஸ்ட் காரில் ரெயில் அழுத்தம் 3 பாரில் நிற்பதில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனை, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் திறக்கிறது, அங்கே 1.5 பார் பூஸ்ட் இருக்கும்போது, பின்னாலிருந்து 3 பார் மட்டும் தள்ளினால், உண்மையில் பெட்ரோலைத் தள்ளுவது 1.5 பார் மட்டுமே. ஆகவே ரெயில் அழுத்தத்தை ஆளும் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் கொடுத்து, பூஸ்ட் ஏறும் அளவுக்கு ரெயில் அழுத்தமும் ஏறும்படி அமைக்கிறோம். நம் எடுத்துக்காட்டில் ரெயிலில் 4.5 பார் வேண்டும். வடிகட்டியிலும் குழாயிலும் ஏற்படும் இழப்புக்கு 0.3 பார் சேர்த்தால், பம்பின் வாயில் 4.8 பார், அதாவது ஏறத்தாழ 70 பிஎஸ்ஐ.

இப்போது வரைபடத்தில் 70 பிஎஸ்ஐ கோட்டைப் பாருங்கள். 255 வகைப் பம்ப் 13.5 வோல்ட்டில்கூட அங்கே 200-ஐ ஒட்டியோ அதற்குக் கீழாகவோதான் நிற்கும். வோல்ட் குறைந்தால் தேவைக்கும் கீழே போய்விடும். 340 வகைப் பம்ப் அதே இடத்தில் தேவையைத் தெளிவாகத் தாண்டி நிற்கும். எனவே இந்தக் காருக்கு 340 வகைதான் சரியான தேர்வு. 450 வேண்டாமா என்றால், வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணால் அறிந்துவைப்பது நல்லது. இன்ஜெக்டரின் பாய்வு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுகிறது. 3 பாராக இருக்க வேண்டிய வேறுபாடு, உச்ச சுழற்சியில் பம்ப் சோர்ந்து 2.5 பாராக இறங்கினால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் 9 சதவீதம் குறைவாக ஊற்றுகிறது. எஞ்சினை ஆளும் கணினியான இசியு முன்பு போலவே அதே மில்லிநொடிகளுக்கு இன்ஜெக்டரைத் திறக்கிறது. அதற்கு இந்தக் குறைவு தெரியாது.

மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குக் கொண்டுவரும் திரும்பு குழாய் இல்லாத, ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே அமைந்த கார்களில் அழுத்தம் பூஸ்ட்டுக்கேற்ப ஏறாது. அங்கே பெரிய பம்ப் மட்டும் போட்டால் பயன் குறைவு. ஒன்று, திரும்பு குழாயும் பூஸ்ட் இணைப்பு உள்ள ரெகுலேட்டரும் சேர்த்து அமைக்க வேண்டும், அல்லது குறையும் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு பெரிய இன்ஜெக்டர் போட வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல பம்புகளுக்குள் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் அது திறந்து பெட்ரோலை டேங்குக்குள்ளேயே திருப்பிவிடும். உங்களுக்குத் தேவையான உச்ச அழுத்தம் அந்த வால்வு திறக்கும் இடத்துக்கு அருகில் இருந்தால், வரைபடம் திடீரென்று செங்குத்தாகச் சரிவதைக் காண்பீர்கள். ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில், வால்வு அழுத்தம் மட்டும் மாறுபடும் பம்புகள் விற்கப்படுவதால், பகுதி எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

வோல்ட் என்னும் மறைவான கணக்கு

நல்ல பம்ப் வாங்கிப் பழைய வயரிங்கில் இணைப்பதுதான் நான் அடிக்கடி காணும் குறை. கம்பெனி வயர், கம்பெனிப் பம்ப் இழுக்கும் ஆம்பியருக்காகக் கணக்கிடப்பட்டது. செம்பின் மின்தடையை வைத்துக் கணக்கிட்டால், 1 சதுர மில்லிமீட்டர் வயர் 5 மீட்டர் ஓடி 15 ஆம்பியரைச் சுமக்கும்போது 1.3 வோல்ட் அதிலேயே கரைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 0.33 வோல்ட்டாகக் குறைகிறது. இது போகும் வழிக்கு மட்டும் உள்ள கணக்கு. எர்த் வழியாகத் திரும்பும்போதும் இழப்பு உண்டு. பேட்டரியில் 13.8 இருந்தும் பம்பின் முனையில் 12 மட்டுமே கிடைத்தால், அதிக அழுத்தத்தில் பாய்வு 15 சதவீதத்துக்கு மேலும் குறையக்கூடும். அப்போது 340 என்று வாங்கிய பம்ப் வேறொரு சிறிய பம்பாகவே வேலை செய்கிறது.

ஆகவே பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, பம்புக்கு அருகில் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே பொருத்தி, பழைய கம்பெனி வயரை அந்த ரிலேயை இயக்கும் சிக்னலுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். இந்தக் கடைசி விதி உயிர் காக்கும் விதி: எஞ்சின் நின்றால் பம்ப் நிற்க வேண்டும், மோதல் நேர்ந்தால் இசியு பம்பை நிறுத்த வேண்டும். சாவியைத் திருப்பினால் பம்ப் தொடர்ந்து ஓடும்படி நேரடியாக இணைத்துக் கொடுப்பவரிடம் காரை விடாதீர்கள். குழாய் அறுந்த காரில் பம்ப் ஓடிக்கொண்டே இருப்பது, நெருப்புக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான்.

டேங்கின் மேல் பம்பைத் தாங்கும் மூடியைக் கடந்து செல்லும் கனெக்டரும் கவனத்துக்குரியது. சிறிய பம்புக்கு அமைந்த அந்தப் பிளாஸ்டிக் கனெக்டர் 15 ஆம்பியரில் சூடேறி உருகுவதுண்டு. கூடுதல் ஆம்பியரைத் தாங்கும் முனையாக மாற்றுவது கட்டாயம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று படும் தெருக்களில் நிற்கும் கார்களுக்கு எர்த் முனையில் உப்புப் பூத்துவிடும். பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் பூசிய எர்த் முனைகூட ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் மல்டிமீட்டரால் சோதிக்கப்பட வேண்டும். பம்ப் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பம்பின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

ஏன் மிகப் பெரிய பம்ப் வேண்டாம்

பெரிதாகப் போட்டுவிட்டால் பிற்காலத்துக்கும் ஆகும் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் பம்ப் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடுகிறது; எஞ்சின் பயன்படுத்தாத பெட்ரோல் முழுவதும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்பியாக வேண்டும். ஐடிலில் எஞ்சின் மணிக்கு ஓரிரண்டு லிட்டரே குடிக்கும்போது, 450 வகைப் பம்பின் ஏறத்தாழ முழுப் பாய்வும் திரும்பு குழாய்க்குள் திணிக்கப்படுகிறது. கம்பெனித் திரும்பு குழாயும் ரெகுலேட்டரும் அதற்கு இடம் தராவிட்டால், ரெயில் அழுத்தம் 3 பாருக்குக் கீழே இறங்காமல் மேலேயே தங்கிவிடும். ஐடில் கெட்டு, சிக்னலில் புகை வரும்.

இதை விடக் கடுமையானது வெப்பம். 340 வகைப் பம்ப் 12 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், அது சுமார் 160 வாட். அதில் பெரும்பகுதி, சுற்றிச் சுற்றி, இறுதியில் டேங்கில் உள்ள பெட்ரோலைத்தான் சூடாக்குகிறது. டேங்கில் 20 லிட்டர் இருந்தால், வெப்பம் வெளியேறாத நிலையில், ஒரு மணி நேரத்தில் 18 டிகிரி ஏறக்கூடிய அளவு அது. 10 லிட்டர் மட்டும் இருந்தால் இரு மடங்கு. உண்மையில் டேங்கின் சுவர் வழியாக ஓரளவு வெளியேறும். ஆனால் எஞ்சின் அறையைச் சுற்றிவரும் பெட்ரோல் அங்கிருந்தும் வெப்பத்தைச் சுமந்து வருகிறது. மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசைக்கு நடுவே சிக்கி நிற்கும் காரை எண்ணிப் பாருங்கள். பெட்ரோலின் இலேசான பகுதிகள் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். பம்பின் உறிஞ்சும் வாயில் அழுத்தம் இன்னும் குறைவாக இருப்பதால் அங்கே குமிழிகள் தோன்றி, பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியைப் பிடிக்கும். பம்ப் திடீரென்று உரக்க ஊளையிடுவது இதன் அறிகுறி. நெரிசலைத் தாண்டியதும் மிதித்துப் பார்க்கலாம் என்ற ஆசை, சூடான பெட்ரோலும் குமிழிகளும் உள்ள அந்த நேரத்தில் ஆபத்தானது.

எனவே தேவைக்கு ஒரு படி மேலான பம்ப் போதும்; மூன்று படி மேலானது வேண்டாம். உண்மையிலேயே பெரிய பம்ப் தேவைப்படும் காரில், சுமை குறைந்த நேரத்தில் அதன் வேகத்தைக் குறைக்கும் கன்ட்ரோலரைச் சேர்த்துப் பொருத்துங்கள். பிரஷ் இல்லாத பம்புகள் கன்ட்ரோலரோடுதான் வருகின்றன. விலை கூடுதல் என்றாலும், தினமும் நகருக்குள் ஓடும் காருக்கு அவை குறைந்த சூட்டையும் நீண்ட ஆயுளையும் தருகின்றன. கோடையில் டேங்கைக் கால் அளவுக்குக் கீழே விடாமல் வைத்திருப்பது செலவில்லாத மருந்து.

டேங்குக்குள்ளா, வெளியிலா, ஒன்றா, இரண்டா

டேங்குக்குள் மூழ்கியிருக்கும் டர்பைன் வகைப் பம்ப் சத்தம் குறைவாக ஓடும். பெட்ரோலே அதைக் குளிரவைக்கும். பாஷ் 044 போன்ற, குழாயில் வெளியே பொருத்தும் ரோலர் வகைப் பம்புகள் அதிக அழுத்தத்தில் நன்றாகத் தள்ளும். ஆனால் உறிஞ்சுவதில் அவை பலவீனமானவை. அவற்றுக்கு டேங்கிலிருந்து பெட்ரோலை ஊட்ட வேறொரு பம்ப் வேண்டும். சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு டேங்குக்குள் வைக்கும் ஒரே நல்ல பம்ப் போதும் என்பதே என் தேர்வு.

இரண்டு பம்புகளை அருகருகே இணைத்தால் பாய்வு கூடும். ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தால் அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் சிறிய பம்ப் விடும் அளவே கிடைக்கும். அருகருகே இணைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனி ஒருவழி வால்வு, தனி ஃபியூஸ், தனி ரிலே வேண்டும். பூஸ்ட் ஏறிய பிறகு மட்டும் இரண்டாவது பம்ப் ஓடும்படி அமைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அந்த இரண்டாவது பம்ப் பழுதானால், சாதாரண ஓட்டத்தில் எந்த வேறுபாடும் தெரியாது, முழு பூஸ்ட்டில்தான் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். ஆகையால் ரெயிலில் அழுத்த சென்சார் பொருத்தி, அழுத்த வேறுபாடு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் இசியு பூஸ்ட்டை வெட்டும்படி அமைக்காமல் இரண்டாவது பம்பைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஒரே பம்ப் உள்ள காருக்கும் இந்தச் சென்சாரை நான் வற்புறுத்துவேன்; எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறியது.

பந்தயத்தடத்தில் ஓட்டுபவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்து, பம்பின் வாய் காற்றில் திறந்துவிடும். டிராக் எனப்படும் இழு பந்தயத்தில் நேராக ஓடும் காரில்கூட, அரை டேங்குக்குக் கீழே இருந்தால், புறப்படும் வேகத்தில் பெட்ரோல் பின்சுவரில் ஏறி நிற்கும். வடசென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் பந்தயங்களை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் தனித் தடம் அமைத்தது. அத்தகைய தடத்தின் வளைவுகளில் சுற்றுச் சுற்றாக ஓட்ட நினைப்பவர், டேங்கில் தடுப்புகளோ, பம்புக்கு எப்போதும் பெட்ரோலைத் தேக்கி வைக்கும், ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் தனிச் சர்ஜ் டேங்கோ இல்லாமல் எத்தனை பெரிய பம்ப் போட்டும் பயனில்லை. தனிச் சர்ஜ் டேங்கைப் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து உலோகத் தடுப்பால் பிரித்து வைக்க வேண்டும். கம்பெனிப் பம்ப் மாட்யூலுக்குள் உள்ள ஜெட் பம்பையும் மறக்க வேண்டாம்: டேங்கின் மூலைகளிலிருந்து பம்ப் அமர்ந்திருக்கும் கிண்ணத்துக்குப் பெட்ரோலை இழுத்துவர அது ஒரு பங்கு பாய்வைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமே தவிர, அடைத்துவிடக் கூடாது.

நேரடி இன்ஜெக்‌ஷன் கார்கள்

டிஎஸ்ஐ, டிஜிடிஐ போன்ற, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் இரண்டு பம்புகள் உள்ளன. டேங்குக்குள் இருப்பது சில பார் அழுத்தத்தில் ஊட்டுகிறது. கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் இன்னொன்று அதை நூற்றுக்கணக்கான பாராக உயர்த்துகிறது. இங்கே திறன் கூட்டும்போது முதலில் திணறுவது பெரும்பாலும் எஞ்சினில் உள்ள உயர் அழுத்தப் பம்ப்தான். ஆகவே இரண்டு அழுத்தங்களையும் ஸ்கேனரில் பதிவு செய்து, இசியு கேட்கும் அளவோடு ஒப்பிட்டு, எது சரிகிறது என்று கண்டறிந்த பிறகே பணம் செலவழிக்க வேண்டும். இவற்றில் பலவற்றில் டேங்குப் பம்பின் வேகத்தைத் தனிக் கன்ட்ரோலர் ஆள்கிறது. அதற்குப் பொருந்தாத பம்பை மாட்டினால் கன்ட்ரோலர் எரியும். முதல் தலைமுறை ஆக்டேவியா வி.ஆர்.எஸ்-இன் 1.8 டர்போ போன்ற பழைய எஞ்சின்களில் இந்தத் தொல்லை இல்லை; மேலே சொன்ன கணக்கு அவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

போலியும் ஹோஸும்

வால்ப்ரோ 255, பாஷ் 044 இரண்டுக்கும் உலகெங்கும் போலிகள் ஏராளம். உடலில் பொறித்த எழுத்து மங்கலாக இருப்பது, பகுதி எண் பெட்டியோடு பொருந்தாதது, பாதி விலை ஆகியவை எச்சரிக்கைகள்தாம். உறுதியான சோதனை அளந்து பார்ப்பதே. பில்லும் பாய்வு வரைபடமும் தரும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். யாரோ ஒருவருடைய காரிலிருந்து கழற்றிய பம்பை, எவ்வளவு நெருங்கிய நண்பர் கொடுத்தாலும், பூஸ்ட் காரில் போடாதீர்கள்.

ஹோஸ் விஷயத்தில் நம் பகுதிக்கே உரிய ஒரு கவர்ச்சி இருக்கிறது. மணலியிலும் மாதவரத்திலும் லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகள் உள்ளன. பாரிமுனைத் தெருக்களில் எல்லா அளவிலும் ஃபிட்டிங் கிடைக்கிறது. ஃபிட்டிங்கை அங்கே தாராளமாக வாங்கலாம். ஆனால் ஹைட்ராலிக் ஹோஸ் எண்ணெய்க்கானது; நூற்றுக்கணக்கான பார் தாங்கும் என்பதால் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் என்று பொருளாகாது. எஞ்சின் பக்கம் எஸ்ஏஇ 30ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்டதோ, உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) பூசியதோ வேண்டும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கும் சிறு துண்டுக்கு 30ஆர்10 மட்டுமே பொருந்தும். மற்ற ஹோஸ் வெளிப்புறம் ஊறி மிருதுவாகி, கிளாம்பிலிருந்து நழுவி, பம்பின் பாய்வை டேங்குக்குள்ளேயே கொட்டிவிடும். பம்ப் நன்றாக ஓடும் சத்தம் கேட்கும், ரெயிலில் அழுத்தம் இருக்காது.

பம்பின் வாயில் 100 மைக்ரான் அளவிலான சல்லடை, பம்புக்கும் ரெயிலுக்கும் இடையே எத்தனாலுக்கு ஏற்ற 10 மைக்ரான் வடிகட்டி என்பது வழக்கமான அமைப்பு. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை உடையது. அளவுக்கு மீறி நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில், பம்பின் வாய்க்கு நேராகத் தங்கும். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தண்ணீர் தேங்கும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற இடங்களில் நிறுத்தியிருந்த காரின் டேங்குக்குள் நீர் போயிருக்கலாம் என்று ஐயம் வந்தால், பெட்ரோலை வடித்துப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பொருத்திய பிறகு அளந்து பார்த்தல்

முதல் சோதனை எஞ்சினை நிறுத்திச் செய்வது. திறந்த வெளியில், நெருப்பும் புகைபிடித்தலும் இல்லாத இடத்தில், உலர்பொடி அல்லது நுரைத் தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு, திரும்பு குழாயைக் கழற்றி அளவு குறித்த கேனுக்குள் விடுங்கள். ரெகுலேட்டரின் பூஸ்ட் முனையில் கைப்பம்பால் 1.5 பார் காற்று ஏற்றினால், ரெயிலில் 4.5 பார் நிற்கும். கேனிலிருந்து விலகிய இடத்தில் சார்ஜரைப் பேட்டரியோடு முன்பே இணைத்து, பம்ப் முனையில் எத்தனை வோல்ட் என்று குறித்துக்கொண்டு, ரிலேயை 30 நொடி இயக்குங்கள். சேர்ந்த லிட்டரை 120-ஆல் பெருக்கினால் மணிக்கான பாய்வு கிடைக்கும். நம் எடுத்துக்காட்டுக் காருக்கு 30 நொடியில் 1.7 லிட்டராவது வர வேண்டும். எஞ்சின் நிற்கும்போது வோல்ட் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதால், வரைபடத்தில் அந்த வோல்ட்டுக்கான கோட்டோடுதான் ஒப்பிட வேண்டும். வரைபடத்தை விட மிகக் குறைவாக வந்தால் ஹோஸ், சல்லடை, போலி என்ற வரிசையில் தேடுங்கள்.

இரண்டாவது சோதனை டைனோவில். ரெயில் அழுத்தத்தையும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் ஒரே பதிவில் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், அடிமட்ட சுழற்சியிலிருந்து சிவப்புக் கோடு வரை 3 பார் என்ற நேர்கோடு வர வேண்டும். உச்சத்தில் அந்தக் கோடு வளைந்து இறங்கினால் பம்ப் முடிவுக்கு வந்துவிட்டது; அதற்கு மேல் பூஸ்ட் ஏற்றச் சொல்லி டியூனரை வற்புறுத்த வேண்டாம். குளிர்ந்த பெட்ரோலில் ஒரு முறையும், அரைமணி ஓடிச் சூடான பிறகு ஒரு முறையும் எடுங்கள். சென்னையில் இரண்டாவது பதிவுதான் பொருட்படுத்த வேண்டியது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் இது குறுக்கே வரலாம். ஆகவே பதிவுச் சான்றிதழோடு மாறுபடும்படி மாற்றிய கார் ஓடுவதற்கு உரிய இடம் பந்தயத்தடமே.

புதுப் பம்ப் போட்ட ஐந்நூறு கிலோமீட்டருக்குள் வடிகட்டியைக் கழற்றி, உள்ளே என்ன பிடிபட்டிருக்கிறது என்று பாருங்கள். டேங்கைத் திறந்தபோது விழுந்த தூசும், பழைய டேங்கிலிருந்து எத்தனால் கரைத்துக் கொண்டுவந்த படிவும் முதலில் அங்கேதான் வந்து சேரும். அதே நாளில் டேங்கு மூடியின் கனெக்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஓட்டி நிறுத்திய உடனே அது கை பொறுக்காத சூட்டில் இருந்தால், வயரிங்கைச் சரிசெய்யும் வரை பூஸ்ட்டைக் குறைத்து வையுங்கள்.